வலியை எழுத்தாக்கிய வனிதை: ஃபனி பேர்னி

ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவிகளுக்கு ஜேன் ஒஸ்டினின் பெயர் புதிதல்ல. ஆனால் ஜேன் ஒஸ்டின் சிறு குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்து முழுவதையும் தன் நாவலால் கவர்ந்த இன்னொரு பெண் இருந்தார். அவர்தான் ஃபனி பேர்னி. நான்கு நாவல்களையும் பல நாடகங்களையும் எழுதியவர். பதினைந்து வயதில் தொடங்கிய நாட்குறிப்பை முதுமை வரை கைவிடாதவர்.

இன்று அவரை இலக்கிய மாணவர்கள் மட்டும் படிப்பதில்லை. மருத்துவ வரலாறு கற்போரும் படிக்கிறார்கள். அதற்குக் காரணம் அவரது நாவல்கள் அல்ல, அவர் தன் ராத்தாவுக்கு எழுதிய ஒரு கடிதம். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஒரு பெண், அதைத் தன் கையாலேயே எழுதிவைத்த கடிதம் அது. அக்கடிதத்தை எழுதிய கை எப்படிப்பட்டது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

எழுத்தறியாத சிறுமி

1752 ஜூன் 13 ஆம் திகதி, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கிங்ஸ் லின் என்ற துறைமுக நகரில் ஃபனி பிறந்தார். ஃபிரான்சஸ் என்பதே அவரது முழுப்பெயர். தந்தை சார்ள்ஸ் பேர்னி இசைக் கலைஞர். பிற்காலத்தில் இசையின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். வீட்டில் பிள்ளைகள் பலர். மூத்தவர் எஸ்தர். ஃபனிக்கு உயிருக்குயிரான தங்கை சூசன்.

எட்டு வயதாகியும் ஃபனிக்கு எழுத்துகளை அடையாளம் காணத் தெரியவில்லை. கூச்ச சுபாவம் வேறு. விருந்தினர் வந்தால் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார். 1760 இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் தாயார் காலமானார். அப்போது ஃபனிக்குப் பத்து வயது. பின்னர் எஸ்தரையும் சூசனையும் கல்விக்காகப் பாரிஸுக்கு அனுப்பிய தந்தை, ஃபனியை அனுப்பவில்லை. ஆகவே தந்தையின் நூலகமே அவருக்குப் பாடசாலையாயிற்று. தாமதமாக வாசிக்கத் தொடங்கியவர், தொடங்கிய பின் நிறுத்தவேயில்லை.

வாசித்தவர் இரகசியமாக எழுதவும் செய்தார். அக்காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கதை எழுதுவது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. அந்த எண்ணம் ஃபனியின் மனதையும் உறுத்தியது. பதினைந்தாவது வயதில், அதுவரை எழுதிய கதைகள், கவிதைகள் அனைத்தையும் முற்றத்தில் குவித்துத் தீ மூட்டினார். அருகில் நின்ற சூசன் அழுதார். எரிந்தவற்றுள் ஒரு முழு நாவலும் இருந்தது.

ஆனால் எழுதும் ஆசை சாம்பலாகவில்லை. அடுத்த ஆண்டே, 1768 இல், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எவரிடமும் சொல்ல முடியாததை எழுதுவதால், யாருமில்லாத ஒருவரை விளித்தே அதன் முதற் பக்கத்தை எழுதினார். மனதில் உள்ளதை மறைக்காமல் தாளில் இறக்கிவைக்கும் அந்தப் பழக்கமே பிற்காலத்தில் அவரது பெரும் பலமாயிற்று.

பெயர் சொல்லாத நாவலாசிரியை

எரித்த நாவலின் கதை ஃபனியின் மனதிலேயே வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்ததுதான் எவலினா என்ற நாவல். தந்தையின் நூல்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பவர் ஃபனி என்பதால், அவரது கையெழுத்து அச்சகத்தாருக்குத் தெரிந்திருக்கக் கூடும். எனவே நாவல் முழுவதையும் இரவு நேரங்களில் வேறு கையெழுத்தில் பிரதி செய்தார். 1778 இல் ஆசிரியர் பெயரின்றி அது வெளிவந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது 20 கினி மட்டுமே.

லண்டன் முழுவதும் அதை வாசித்தது. ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜோன்சன் போன்ற மேதைகளும் வியந்து பாராட்டினார்கள். எழுதியவர் தன் மகளே என்பது தந்தைக்குக்கூடப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 1782 இல் இரண்டாவது நாவலான செசிலியா வெளிவந்தபோது ஃபனி பேர்னி நாடறிந்த எழுத்தாளராகியிருந்தார்.

புகழ் அவரை அரண்மனைக்கு அழைத்துச் சென்றது. 1786 இல் மகாராணி சார்லட்டின் ஆடை அலங்காரப் பணியில் அவர் அமர்த்தப்பட்டார். வெளியில் இருந்து பார்ப்போருக்கு அது பெரும் பேறு. உள்ளே இருந்தவருக்கோ அது பொற்கூடு. மகாராணியின் மணியோசைக்குக் காத்திருந்து, மணிக்கணக்கில் நின்று, எழுத நேரமின்றி ஐந்து ஆண்டுகள் கழிந்தன. உடல்நலம் குன்றிய நிலையில் 1791 இல் அங்கிருந்து விடைபெற்றார்.

1793 இல், 41 ஆவது வயதில், அலெக்ஸாண்டர் தார்பிளே என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரியை மணந்தார். பிரெஞ்சுப் புரட்சியால் சொத்தையும் நாட்டையும் இழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர் அவர். தந்தைக்கு இந்தத் திருமணம் பிடிக்கவில்லை. மண நிகழ்வுக்கும் அவர் வரவில்லை. ஆயினும் அவர்களின் இல்லறம் இனிதாக அமைந்தது. அடுத்த ஆண்டு மகன் அலெக்ஸ் பிறந்தான். 1796 இல் வெளிவந்த கமிலா என்ற நாவலுக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பெயர் பதிந்தோரில் இருபது வயது ஜேன் ஒஸ்டினும் ஒருவர். அந்த நாவலின் வருமானத்தில் ஃபனி ஒரு சிறு வீட்டையே கட்டினார்.

1802 இல் கணவரைப் பின்தொடர்ந்து மகனுடன் பிரான்ஸுக்குச் சென்றார். குறுகிய காலம் தங்கித் திரும்புவதே எண்ணம். ஆனால் அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கும் நெப்போலியனின் பிரான்ஸுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. கடல்வழி அடைபட்டது. பத்து ஆண்டுகள் ஃபனி தாய்நாட்டைக் காணவில்லை. தந்தைக்கும் சகோதரிகளுக்கும் கடிதம் போய்ச் சேர்வதே அரிதாயிற்று. அவரது வாழ்வின் மிகப் பெரிய சோதனை இந்தத் தனிமையில்தான் வந்தது.

ஒரு சிறிய வலி

1810 ஓகஸ்ட் மாதமளவில் ஃபனியின் வலது மார்பகத்தில் ஒரு சிறிய வலி தோன்றியது. வாரத்துக்கு வாரம் அது கூடியது. ஆனால் கூர்மையான வலியாக இல்லாமல் மந்தமான பாரமாக இருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் முகம் சுளிப்பதையும் திடுக்கிடுவதையும் கவனித்த கணவரே முதலில் பயந்தார். சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டும்படி வற்புறுத்தினார். ஃபனியோ மறுத்தார். கதகதப்பாகப் பார்த்துக்கொண்டால் தானாகவே குணமாகும் என்று நம்பினார். நெருங்கிய தோழி ஒருவர் கெஞ்சியும் இணங்கவில்லை. தன் உடலை ஓர் ஆண் வைத்தியரிடம் காட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்படியே மாதங்கள் கடந்தன.

இந்த மாதங்களின் அருமையை உணர, எண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகே வாழ்ந்த முஸ்லிம் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சத்திரசிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவர் தனது அத்தஸ்ரீப் என்ற நூலில் புற்றுநோயைப் பற்றியும் எழுதினார். மார்பகம் போன்ற இடத்தில் தோன்றும் புற்றுக்கட்டி, முழுமையாக அகற்றக்கூடிய ஆரம்ப நிலையில் இருந்தால் அகற்ற வேண்டும். நாட்பட்டுப் பெருத்துவிட்டால் தொடக்கூடாது என்பது அவரது அறிவுரை. முற்றிய புற்றைத் தன்னால் குணப்படுத்த முடிந்ததில்லை, வேறெவரும் குணப்படுத்தியதைக் கண்டதுமில்லை என்று நேர்மையாகவும் எழுதிவைத்தார். இந்த நோயில் காலமே முதல் மருந்து என்பது அன்றே தெரிந்திருந்தது.

இறுதியில் இன்னொரு தோழி நீண்டதொரு கடிதம் எழுதி ஃபனியின் மனதை மாற்றினார். முதலில் பார்த்த வைத்தியரின் சிகிச்சை பலனளிக்கவில்லை. அடுத்து வந்தவர் அந்துவான் துபுவா. நெப்போலியனின் மனைவிக்குப் பிரசவம் பார்க்க நியமிக்கப்பட்ட புகழ்பெற்ற நிபுணர். பரிசோதித்த பின் அவர் ஃபனியிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் அவருடன் தனியே பேசிவிட்டுத் திரும்பிய கணவரின் முகத்தைப் பார்த்ததும் ஃபனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதன்பின் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றவர் டொமினிக் லாரே. நெப்போலியனின் காவற்படையின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர். போர்க்களத்தில் காயப்பட்டோரை உடனே ஏற்றிச் செல்லும் விரைவு வண்டிகளை உருவாக்கியவரும் இவரே. ஆயிரக்கணக்கான காயங்களைக் கண்ட அவர், கத்தியைத் தொடாமல் ஃபனியைக் குணப்படுத்தவே முதலில் முயன்றார். சில காலம் நிலைமை தேறியது. ஆனால் தாய்நாட்டிலிருந்து அன்புக்குரியோரின் மரணச் செய்திகள் வந்து சேர, நோய் மீண்டும் தீவிரமானது. மற்ற நிபுணர்களையும் அழைத்து ஆலோசித்த லாரே, வேறு வழியில்லை என்று அறிவித்தபோது அவரது கண்கள் கலங்கியிருந்தன.

ஃபனி சம்மதித்தார். ஆனால் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காத்திருக்கும் பயத்தை ஒரு சில மணித்தியாலங்களுக்கு மேல் தன்னால் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பிற்பகல்

1811 செப்டெம்பர் 30 ஆம் திகதி காலை செய்தி வந்தது. அன்று பிற்பகலே சத்திரசிகிச்சை. ஃபனிக்கு அப்போது வயது 59. கணவர் இதைக் கண்ணால் காணக்கூடாது என்பதே அவரது முதற் கவலை. நண்பர்களின் உதவியுடன், கணவரை வேலைத்தலத்திலேயே தாமதிக்கச் செய்தார். மகன் பாடசாலைக்குப் போயிருந்தான். தோழியர் துணைக்கு வர விரும்பியும் அவர்களுக்கு அந்தத் துன்பத்தைக் கொடுக்க ஃபனி விரும்பவில்லை.

வரவேற்பறையில் குவிந்திருந்த கட்டுத்துணிகளையும் பஞ்சையும் கண்டதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மனம் மரத்துப்போகும் வரை அங்குமிங்கும் நடந்தார். மூன்று மணி அடித்தது. கைக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பல நாட்களாக எழுதுகோலைத் தொடாமல் இருந்தவர், இனி இந்தக் கையைப் பாதுகாத்து என்ன பயன் என்று எண்ணி எழுத அமர்ந்தார். தான் இறந்துவிட்டால் கொடுப்பதற்காகக் கணவருக்குச் சில வரிகள், மகனுக்குச் சில வரிகள்.

சற்று நேரத்தில் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வண்டிகள் வந்து நின்றன. குடிப்பதற்கு ஒரு பானம் கொடுக்கப்பட்டது. மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளிக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பின்னர் கறுப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் முன்னறிவிப்பின்றி அறைக்குள் நுழைந்தார்கள். அறையின் நடுவே கட்டில் போடச் சொன்னார் துபுவா. பழைய மெத்தைகளும் பழைய துணியும் கேட்டார். அதைக் கேட்டதும் ஃபனியின் உடல் நடுங்கியது. பெண்கள் வெளியேற வேண்டும் என்று துபுவா உத்தரவிட்டபோது, அவர்கள் இருக்கட்டும் என்று ஃபனி வாதாடினார். அதற்குள் பயத்தில் வேலைக்காரப் பெண்ணும் தாதி ஒருவரும் ஓடிவிட்டார்கள். இன்னொரு தாதி மட்டும் அருகில் வந்து நின்றார்.

மேலங்கியைக் கழற்ற வேண்டிய கணத்தில் ஃபனி தன் சகோதரிகளை நினைத்தார். தன் உடலை மறைத்துப் பாதுகாக்க அவர்களில் ஒருவராவது பக்கத்தில் இல்லையே என்று ஏங்கினார். வலிக்கு முன் வந்த வேதனை அது.

கட்டிலில் ஏறிப் படுத்ததும் அவரது முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்தார்கள். அது கண்ணை மறைக்கவில்லை. அதன் ஊடாக அவர் எல்லாவற்றையும் பார்த்தார். காற்றில் ஒரு விரல் சிலுவைக் குறியும் வட்டமும் வரைவதைக் கண்டதும் மார்பகம் முழுவதையும் அகற்றப் போகிறார்கள் என்பது புரிந்தது. துணியை எறிந்துவிட்டு எழுந்தார். வலி எங்கெங்கோ பாய்ந்தாலும் ஒரே புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது என்று விளக்கினார். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். ஆனால் எவரும் பதில் சொல்லவில்லை. மீண்டும் படுக்கவைத்தார்கள். மீண்டும் அதே விரல் அதே குறியை வரைந்தது. அதன்பின் ஃபனி வாதாடவில்லை. தன்னைப் பிடித்து அழுத்தவும் விடவில்லை. கைக்குட்டைக்கு அப்பால் எஃகின் பளபளப்பைக் கண்டு கண்களை மூடிக்கொண்டார்.

கத்தி பட்டதும் எழுந்த அலறல் வெட்டு முடியும் வரை ஓயவில்லை. கத்தியை எடுத்தபோது காயத்தில் பட்ட காற்றே ஆயிரம் ஊசியாய்க் குத்தியது. சத்திரசிகிச்சை நிபுணரின் கையே களைத்துப்போகும் அளவுக்கு அது கடினமாக இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த போதெல்லாம் கத்தி மீண்டும் வந்தது. எஞ்சியிருக்கக்கூடிய நோயை அகற்ற எலும்பின் மேற்பரப்பையும் சுரண்டினார்கள். இரண்டு தடவை அவர் நினைவிழந்தார். மொத்தம் இருபது நிமிடங்கள். கட்டுப்போட்டுத் தூக்கிச் சென்றபோது கண்விழித்த ஃபனி, லாரேயின் முகத்தைக் கண்டார். தன்னைப் போலவே அவரும் வெளிறிப்போயிருந்தார். இரத்தத் துளிகள் தெறித்த அந்த முகத்தில் துயரமும் அச்சமும் இருந்தன. அந்த நிலையிலும் ஃபனி அவருக்காக இரங்கினார்.

எழுதி முடித்த பாரம்

ஃபனி பிழைத்துக்கொண்டார். காயம் மெல்ல ஆறியது. ஆனால் மனக்காயம் ஆறவில்லை. மாதக்கணக்கில் அவரால் அதைப் பற்றிப் பேச முடியவில்லை. எவராவது ஒரு கேள்வி கேட்டாலே உடல் சோர்ந்துவிடும். தந்தைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்பதால் குடும்பத்தாருக்கே மறைக்க நினைத்தார். ஆனால் செய்தி வேறு வழியில் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. பிறர் வாயால் அரைகுறையாகக் கேட்டுக் கலங்குவதை விடத் தன் கையால் அறிவதே மேல் என்று தீர்மானித்தார்.

1812 மார்ச்சில் எஸ்தருக்கு எழுதத் தொடங்கினார். ஒரு வாழ்நாள் முழுவதும் எழுதியவருக்கு அந்தக் கடிதத்தை முடிக்க மூன்று மாதங்கள் பிடித்தன. எழுத எழுதத் தலைவலி வந்தது. முடித்த பின் ஒரு தடவைகூடத் திரும்ப வாசிக்கத் துணியவில்லை. கணவரும் அதில் சில வரிகளைச் சேர்த்தார்.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டு எழுதினார்? அதற்கான விடையும் கடிதத்திலேயே இருக்கிறது. நோயைப் பெரிதாக எண்ணாமல் வைத்தியரிடம் காட்ட மறுத்த தன் பொய்யான நம்பிக்கையை அவர் மறைக்காமல் சொன்னார். ராத்தாவுக்கும் தங்கையருக்கும் சகோதரிகளின் பெண்மக்களுக்கும் இதுபோன்ற அறிகுறி எப்போதாவது தோன்றினால், இது ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றே அதை எழுதினார். அக்கடிதம் இன்று நியூயோர்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அந்த ஓகஸ்ட் மாதமே, பத்து ஆண்டுகளின் பின், மகனுடன் தாய்நாடு திரும்பினார். 1814 இல் கடைசி நாவல் வெளிவந்தது. அதே ஆண்டு தந்தை காலமானார். அடுத்த ஆண்டு வாட்டர்லூ யுத்தம் நடந்தபோது பிரசல்ஸ் நகரில் இருந்தார். காயமடைந்த கணவரைத் தேடி, தன்னந்தனியாக ஜெர்மனி வரை பயணம் செய்து அழைத்து வந்தார். 1818 இல் கணவரையும் 1837 இல் ஒரே மகனையும் இழந்தார். 1840 ஜனவரி 6 ஆம் திகதி, 87 ஆவது வயதில் கண்மூடினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே திகதியில்தான் அவரது அருமைத் தங்கை சூசன் இறந்திருந்தார். சத்திரசிகிச்சையின் பின் ஃபனி வாழ்ந்தது 28 ஆண்டுகள். அக்காலத்தில் திசுக்களைப் பரிசோதிக்கும் முறை இல்லாததால் அது புற்றுநோய்தானா என்பதில் இன்றைய வைத்தியர்களிடையே இரு கருத்துகள் உண்டு. அவர் பட்ட வேதனையில் இரு கருத்துக்கு இடமில்லை.

கத்தி கற்றுக்கொண்ட பாடம்

ஃபனி அலறிய அந்த நாளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1804 இல், ஜப்பானில் ஹனாவோக்கா செய்ஷூ என்ற வைத்தியர் ஊமத்தை முதலிய மூலிகைகளிலிருந்து தயாரித்த மருந்தால் ஒரு மூதாட்டியை மயக்கமுறச் செய்து, வலி தெரியாமல் மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். ஆனால் ஜப்பான் அப்போது வெளியுலகத்துக்குக் கதவடைத்திருந்தது. அந்தச் செய்தி பாரிஸை எட்டவில்லை. மேற்குலகம் ஈதர் என்ற மயக்க மருந்தைப் பகிரங்கமாகப் பயன்படுத்தியது 1846 இல்தான். ஃபனி இறந்து ஆறு ஆண்டுகளின் பின்.

வலி நீங்கியதும் கத்தி இன்னும் ஆழமாகச் சென்றது. அமெரிக்கரான வில்லியம் ஹோல்ஸ்டட், மார்பகத்துடன் நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை 1894 இல் வெளியிட்டார். நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் கை வீங்கி, நெஞ்சு குழிந்து, பெண்கள் வாழ்நாள் முழுவதும் அவதிப்பட்டார்கள். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அதுவே வழக்கமாக இருந்தது. பேர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் அதைக் கேள்விக்குட்படுத்தினார். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றிய பெண்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம் என்பதை 1985 இல் வெளிவந்த அவரது ஆய்வு நிறுவியது. ஒரே புள்ளியிலிருந்துதான் வலி வருகிறது என்று கட்டிலில் எழுந்து வாதாடிய ஃபனியை அந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது.

மருந்துகளும் வளர்ந்தன. புற்றுக்கலங்களை அழிக்கும் இரசாயன சிகிச்சை, ஓமோனின் தூண்டுதலைத் தடுக்கும் தமொக்சிபென் போன்ற மாத்திரைகள் எனப் பல வந்தன. அகற்றிய மார்பகத்தை மீள உருவாக்கும் முயற்சி 1895 இல் ஜெர்மனியில் தொடங்கியது. வின்சென்ஸ் செர்னி என்பவர் ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் பொருத்தினார். இன்று நோயாளியின் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுக்கும் தசை, கொழுப்பு, தோல் ஆகியவற்றாலும், சிலிக்கனாலான உறையாலும் மார்பகத்தை மீள அமைக்கிறார்கள். அதை விரும்புவதும் விரும்பாமல் விடுவதும் அந்தப் பெண்ணின் தீர்மானம். அவர் சம்மதத்துடன், அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகே எதுவும் நடக்கிறது. கறுப்பு உடையணிந்த எழுவர் முன்னறிவிப்பின்றி நுழைந்த அறைக்கும் இன்றைய சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் இடையிலுள்ள தூரம் இதுதான்.

நமக்கான கடிதம்

இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும் மாறாத ஒன்று உண்டு. எவ்வளவு விரைவாகக் கண்டறிகிறோமோ அவ்வளவு இலகுவாகக் குணமாகும். வைத்தியரிடம் போகும் முதல் அடியை எந்த மருந்தும் நமக்காக எடுத்து வைக்காது.

நமது நாட்டிலும் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். அது நமக்கு அழகு. ஆனால் நோயை மறைப்பது நாணம் ஆகாது. அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கான மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. அந்த மருந்தைத் தேடிச் செல்வது நம் கடமை. கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் மாற்றமோ தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். ஊரிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகங்களைப் பரிசோதிக்கலாம். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரான சகோதரியிடம் மனம் திறந்து கேட்கலாம். கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். நம் பயமோ வெட்கமோ அல்ல.

உம்மாமார்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு நடுச்சாமத்திலும் ஓடுவார்கள். தங்கள் உடம்பில் ஒன்று என்றால் நோன்பு முடியட்டும், பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். இந்தச் சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டுபோகும் மாணவிகள் ஃபனியின் கதையைத் தம் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் சாச்சிமாருக்கும் வாசித்துக் காட்டட்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மூன்று மாதங்கள் தலைவலியோடு எழுதியது, தன் குடும்பத்துப் பெண்கள் தன்னைப் போல் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே.